டுகாட்டி டைமிங் பெல்ட் எப்போ மாத்தணும்? அடிக்கடி கேக்குற கேள்விகளும் பதில்களும்

செகண்ட் ஹேண்ட் டுகாட்டி வாங்குறவங்க நம்ம பக்கம் நிறைய ஆயிட்டாங்க. வாங்கின கையோட ஆயில் மாத்துவாங்க, டயர் பாப்பாங்க, சைலன்சர் கூட மாத்திடுவாங்க, ஆனா டைமிங் பெல்ட்னு (இன்ஜின் வால்வ சரியான நேரத்துல திறந்து மூட வைக்கிற ரப்பர் பெல்ட்) ஒண்ணு உள்ள இருக்குறதே யாராவது சொன்னா தான் தெரியுது. எனக்கு வர்ற மெசேஜ்ல பாதி இதே சந்தேகம் தான், அதனால கேட்டவங்க எப்படி கேட்டாங்களோ அப்படியே கேள்விய போட்டு பதில் எழுதிருக்கேன். மேல சொன்னத கீழ திரும்ப சொல்லல, வரிசையா படிச்சா நல்லது.

ப்ரோ, என் பல்சர்ல டைமிங் பெல்ட் எப்போ மாத்தணும்?

உங்க வண்டில டைமிங் பெல்ட்டே இல்ல. பல்சர், ஸ்ப்ளெண்டர், ஆர்ஒன்ஃபைவ், டியூக் எல்லாத்துலயும் டைமிங் செயின் தான், இன்ஜின் ஆயில்லயே நனைஞ்சுக்கிட்டு ஓடும், இவ்ளோ வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும்னு கெடு கிடையாது, கடகடன்னு சத்தம் வந்தா டென்ஷனர் (இழுவைய சரியா பிடிச்சு வைக்கிறது), செயின் பாப்பாங்க. ராயல் என்ஃபீல்டு பழைய யூசிஇ (இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுல உள்ள) புல்லட்ல கேம்ம, அதாவது வால்வ இயக்குற தண்ட, சுத்துறதுக்கு கியர், மீட்டியார் வந்ததுக்கு அப்புறம் உள்ள 350ல செயின்.

பைக் உலகத்துல டைமிங் பெல்ட் ரொம்ப கொஞ்ச பேர் தான் போட்டாங்க. 1970கள்ல வந்த இத்தாலி மோட்டோ மோரினி மூணரைங்கற (3½) பைக், ஹோண்டா கோல்ட் விங் (1800 வர்றதுக்கு முன்னாடி உள்ளது), அப்புறம் டுகாட்டி. நம்ம ஊர்ல ஒருத்தர் இந்த கேள்விய கேக்குறாருன்னா நூத்துக்கு தொண்ணூறு டுகாட்டி தான், அதனால இந்த பதில்கள் எல்லாமே டுகாட்டிக்கு.

ஆக்டிவால பெல்ட் மாத்துறாங்களே, ஹார்லில கூட பெல்ட் தெரியுதே, அதுவும் இதுவும் ஒண்ணு தானே?

மூணும் வேற வேற. ஸ்கூட்டர்ல இருக்குறது சிவிடி பெல்ட், இன்ஜின் சக்திய பின் சக்கரத்துக்கு கொண்டு போறது. ஹார்லில வெளிய தெரியுறதும் அதே வேலை தான், செயின் ஸ்ப்ராக்கெட்டுக்கு பதிலா பெல்ட். அது ரெண்டும் அறுந்தா வண்டி நகராது, அவ்ளோ தான், தள்ளிக்கிட்டு போய் மாத்திட்டு ஓட்டலாம்.

டைமிங் பெல்ட் இன்ஜினோட வால்வ எப்போ திறக்கணும் எப்போ மூடணும்ங்கறத பிஸ்டனோட சேத்து பிடிச்சு வைக்கிறது. அது அறுந்தா வண்டி நிக்கிறதோட முடியாது. ஏன்னு நாலாவது கேள்வில சொல்லிருக்கேன்.

எந்தெந்த டுகாட்டில பெல்ட் இருக்கு? பானிகாலே வச்சிருக்கேன், எனக்கும் உண்டா?

பானிகாலேக்கு கிடையாது. 2012ல 1199 வந்தப்போ இன்ஜின புதுசா பண்ணி செயினும் கியருமா மாத்திட்டாங்க, 899, 959, 1299, 955 சிசி வி2 எல்லாம் அதே குடும்பம். வி4 இன்ஜின் வண்டிகள், மல்டிஸ்ட்ராடா வி4, டியாவெல் வி4 எல்லாமே செயின். கடைசியா வந்த 890 சிசி வி2 இன்ஜினும் செயின் தான்.

பெல்ட் இருக்குறது ஸ்க்ராம்ப்ளர் 800, மான்ஸ்டர்ல 795, 796, 797, 821, 1200, 937, மல்டிஸ்ட்ராடா 950, 1200, 1260, ஹைப்பர்மோட்டார்ட் 950, சூப்பர்ஸ்போர்ட், டெசர்ட் எக்ஸ், டியாவெல் 1260. சுருக்கமா சொன்னா நம்ம ஊர்ல செகண்ட் ஹேண்ட்ல கைமாறுற டுகாட்டில பெரும்பாலானது பெல்ட் வண்டி. 1970கள் கடைசில பான்டா 500ங்கற மாடலுக்கு டுகாட்டி இன்ஜினியர் டாக்லியோனி இத கொண்டு வந்தாரு, அதுக்கு முன்னாடி ஷாஃப்ட்டும் பெவல் கியரும் வச்சு கேம்ம சுத்துவாங்க, அத ஒண்ணொண்ணா பொருத்தி எடுக்குறது பெரிய வேலை, செலவும் கூட. பெல்ட் சத்தம் கம்மி, விலையும் கம்மி. ஆனா ரப்பருக்கு வயசாகும், அந்த கணக்கு ஓனர் தலைல வந்துடுச்சு.

அறுந்தா என்ன தான் ஆகும்? எல்லாரும் பயமுறுத்துறாங்க.

பயமுறுத்தல, நிஜமாவே அப்படித் தான். டுகாட்டி ட்வின்ல, அதாவது ரெண்டு சிலிண்டர் இன்ஜின்ல, ரெண்டு பெல்ட், ஒரு சிலிண்டருக்கு ஒண்ணு. ஒரு பெல்ட் போச்சுன்னா அந்த சிலிண்டரோட கேம் அப்படியே நின்னுடும். டுகாட்டியோட டெஸ்மோ இன்ஜின்ல வால்வ மூடுறதுக்கு சாதாரண வண்டி மாதிரி பெரிய ஸ்ப்ரிங் கிடையாது, திறக்குறதும் கேம் தான் மூடுறதும் கேம் தான். கேம் எந்த இடத்துல நின்னுச்சோ வால்வும் அங்கயே நிக்கும். திறந்த நிலைல நின்னுட்டா மேல வர்ற பிஸ்டன் நேரா போய் வால்வு தலைல இடிக்கும்.

இதுல நிறைய பேர் யோசிக்காத விஷயம் ஒண்ணு இருக்கு. இன்னொரு சிலிண்டரோட பெல்ட் நல்லா தானே இருக்கு, அது பாட்டுக்கு வெடிச்சு கிராங்க்க (பிஸ்டன் சுத்திவிடுற தண்டு) சுத்திக்கிட்டே இருக்கும், பின் சக்கரமும் கியர் வழியா சுத்திவிடும், அதனால ஒரு இடியோட நிக்காது, நீங்க கிளட்ச்ச பிடிச்சு ஆஃப் பண்ற வரைக்கும் அடிச்சுக்கிட்டே இருக்கும். வால்வு வளையும், கைடு உடையும், பிஸ்டன் தலைல பள்ளம் விழும், சில சமயம் ஹெட்டே (வால்வு எல்லாம் உக்காந்திருக்குற சிலிண்டரோட மேல் பாகம்) போகும். ரெண்டு பெல்ட்டோட விலையையும் ஒரு ஹெட் வேலைக்கு ஆகுற விலையையும் எஸ்டிமேட் கேட்டு பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க.

சரி, எத்தனை கிமீ, எத்தனை வருஷம்? ஒரே பதில் சொல்லுங்க.

ஒரே பதில் இல்ல, மாடலுக்கு மாடல் மாறும். பழைய வண்டிகளுக்கு, அதாவது 2000கள்ல வந்ததுல நிறைய மாடல்களுக்கு, ரெண்டு வருஷம் இல்லன்னா 20,000 கிமீ பக்கம். பின்னாடி வந்ததுல பொதுவா அஞ்சு வருஷம், கிமீ கணக்கு 24,000, 30,000னு இன்ஜினுக்கு ஏத்த மாதிரி. உங்க வண்டியோட ஓனர் மேனுவல்ல மெயின்டெனன்ஸ் அட்டவணை இருக்கும், அதுல போட்டிருக்குறது தான் கடைசி வார்த்தை, நான் சொல்றதோ மெக்கானிக் சொல்றதோ இல்ல.

அட்டவணைல "எது முதல்ல வருதோ அது"ன்னு ஒரு வரி இருக்கும், அத தான் எல்லாரும் தாண்டி போயிடுறாங்க. கிமீ ஆகலன்னாலும் வருஷம் ஆச்சுன்னா மாத்தியே ஆகணும்.

அண்ணா நான் வருஷத்துக்கு 2,000 கிமீ கூட ஓட்டுறதில்ல, ஞாயித்துக்கிழமை ஈசிஆர் போறதோட சரி. பெல்ட் புதுசா தானே இருக்கும்?

இந்த கேள்விக்காகவே இத எழுதினேன்னு சொல்லலாம். நம்ம ஊர் டுகாட்டில முக்காவாசி இப்படித் தான் ஓடுது, 2016 வண்டி, ஓடோமீட்டர்ல 9,000, பெல்ட் ஃபேக்டரில போட்டதே. பெல்ட்டுக்கு ஓடுறதால வர்ற தேய்மானம் ஒரு பக்கம், சும்மா இருந்தாலே வர்ற வயசு இன்னொரு பக்கம். ரப்பர் சூட்டுல இறுகும், காத்துல உள்ள ஓசோன்ல வெடிக்கும், உள்ள இருக்குற நார் இழைக்கும் ரப்பருக்கும் உள்ள பிடிப்பு கொஞ்சம் கொஞ்சமா விடும். மே மாசம் நாப்பது டிகிரில ஓஎம்ஆர் சிக்னல்ல நிக்கிற வண்டில ரெண்டு சிலிண்டருக்கும் ஒட்டி அந்த பெல்ட் இருக்குங்கறத மறந்துடாதீங்க.

அதுக்கு மேல, நிக்கிற வண்டில பெல்ட் ஓய்வா இருக்காது. இழுத்து கட்டின நிலைல, சின்ன ரோலர் மேல மடங்கி, மாசக்கணக்குல ஒரே இடத்துல வளைஞ்சு நிக்கும். அந்த வளைவுலயே ரப்பர் அப்படியே படிஞ்சு போயிடும், வெடிப்பு விட ஆரம்பிக்கிறதும் அங்க தான். அதனால கம்மியா ஓட்டுறவங்க கிமீய மறந்துட்டு வருஷத்த மட்டும் எண்ணுங்க. வருஷம் எதுலேருந்துன்னா நீங்க வாங்கின தேதிலேருந்து இல்ல, ஆர்சில போட்டிருக்குற தயாரிப்பு மாசத்துலேருந்து, ஏன்னா ஷோரூம்ல நின்ன காலத்துலயும் பெல்ட் மாட்டி தான் இருந்துச்சு.

கவர கழட்டி கண்ணால பார்த்து சொல்லிட முடியாதா?

பார்க்கலாம், பார்க்கணும். கவர் பிளாஸ்டிக் தான், சின்ன ஆலன் போல்ட்டு, ஸ்க்ராம்ப்ளர் மாதிரி ஏர்கூல் வண்டில சுலபமா கழண்டுடும். இன்ஜின் ஆறினதுக்கு அப்புறம் டார்ச் அடிச்சு பெல்ட்டோட பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல உள்ள பள்ளத்த பாருங்க, வெடிப்பு முதல்ல அங்க தான் தலைமுடி மாதிரி மெல்லிசா வரும். ஓரத்துல நூல் பிரிஞ்சிருக்கா, முதுகு பக்கம் பளபளன்னு மினுக்குதா, பல்லு மேல உள்ள துணி தேஞ்சு வெளுத்திருக்கா, கவர் உள்பக்கம் கருப்பு தூள் நிறைய படிஞ்சிருக்கா, ஆயில் ஈரம் இருக்கா, எல்லாம் கவனிங்க. வண்டிய டாப் கியர்ல போட்டு பின் சக்கரத்த கையால மெதுவா முன்னாடி சுத்தி பெல்ட் முழு சுத்தும் பாக்கணும், தெரியுற துண்ட மட்டும் பாத்துட்டு மூடக்கூடாது. ஸ்பார்க் பிளக்க கழட்டிட்டா சுத்துறது லேசா இருக்கும்.

இதுல ஒண்ணு தெரிஞ்சாலும் வருஷம் பாக்காம மாத்திடுங்க. ஆனா ஒண்ணும் தெரியலன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல. பாரத்த தாங்குறது உள்ள ஓடுற இழை, அது நம்ம கண்ணுக்கு தெரியாது. பார்வை பெல்ட்ட வேண்டாம்னு தள்ளுறதுக்கு உதவும், ஓகே சொல்றதுக்கு உதவாது. ஓகே சொல்றது தேதி தான்.

அறுந்து போறதுக்கு முன்னாடி ஏதாவது சத்தம், சிம்ப்டம் காட்டாதா?

நம்பாதீங்க. செயின் மாதிரி கத்தி சொல்ற பழக்கம் பெல்ட்டுக்கு இல்ல. டென்ஷனர் பேரிங் போயிருந்தா ஒரு மெல்லிசான விசில் மாதிரி சத்தம் வரலாம், ரொம்ப தளர்ந்திருந்தா கவர்ல தட்டுற சத்தம் வரலாம், அதுவும் டுகாட்டில மத்த சத்தத்துல அமுங்கிடும், அதுலயும் பழைய ட்ரை கிளட்ச் (ஆயில்ல நனையாம சத்தமா ஓடுற கிளட்ச்) வண்டியா இருந்தா சுத்தமா கேக்காது.

வண்டி விக்கிறவர் போன வருஷம் தான் பெல்ட் மாத்துனேன்னு சொல்றாரு. நம்பலாமா?

ஆள நம்புங்க, பெல்ட்டுக்கு பில் கேளுங்க. பில்லுல பார்ட் நம்பரோட ரெண்டு பெல்ட், தேதி, அன்னைக்கு ஓடின கிமீ இருக்கணும். "ஃபுல் சர்வீஸ்"னு மட்டும் போட்டிருந்தா அது பெல்ட் மாத்துனதுக்கு ஆதாரம் இல்ல, வருஷாந்திர சர்வீஸ்னா ஆயில், ஃபில்டர், செக்கப்போட முடிஞ்சிருக்கும், பெல்ட்டும் வால்வு செக்கும் (வால்வு இடைவெளி சரியா இருக்கான்னு பாக்குறது) தனி வேலை. சர்வீஸ் சென்டர்ல சேசிஸ் நம்பர் குடுத்தா பழைய ஹிஸ்டரி இருக்கான்னு பாத்து சொல்லுவாங்க, விக்கிறவரையே கூட்டிட்டு போய் கேளுங்க.

பில் இல்லையா, மாத்தலன்னு வச்சுக்கிட்டு விலை பேசுங்க. பெல்ட், வால்வு செக், லேபர் எல்லாம் சேத்து எஸ்டிமேட் வாங்கி அந்த தொகைய குறைக்க சொல்லுங்க, நியாயமான ஆள் ஒத்துக்குவாரு. வண்டி கைக்கு வந்ததும் முதல் வேலை அது தான், சைலன்சர் அப்புறம்.

ஒரு பெல்ட் தான் லேசா வெடிச்சிருக்கு, அத மட்டும் மாத்துனா போதுமா? டென்ஷனரும் மாத்தணுமா?

ரெண்டும் ஒரே நாள்ல மாட்டுனது, ஒரே சூட்டுல ஓடினது. ஒண்ணு போயிருந்தா இன்னொண்ணும் வரிசைல நிக்குது. ரெண்டையும் சேத்து மாத்துங்க.

டென்ஷனர், ஐட்லர் ரோலர் ஒவ்வொரு தடவையும் மாத்தணும்னு இல்ல, ஆனா பெல்ட் கழண்டிருக்கும் போது ஒவ்வொரு ரோலரையும் விரல்ல சுத்தி பாக்க சொல்லுங்க. வழுவழுன்னு சத்தமில்லாம சுத்தணும். மணல் இருக்குற மாதிரி கரகரன்னு இருந்தாலோ, கிரீஸ் வத்தி போய் ரொம்ப நேரம் தானா சுத்திக்கிட்டே இருந்தாலோ, பக்கவாட்டுல ஆட்டம் இருந்தாலோ மாத்திடுங்க. பேரிங் சிக்கிக்கிட்டா புது பெல்ட்டையும் சேத்து அறுத்துடும்.

ஆன்லைன்ல பழைய ஸ்டாக் பெல்ட் பாதி விலைக்கு கிடைக்குது, வாங்கலாமா?

பேக்கிங் பிரிக்காம, வெயில் படாம, குளிர்ச்சியான இடத்துல இருந்த பெல்ட்டுக்கு வயசு மெதுவா தான் ஆகும், ஆனா ஆகும். அது எங்க எப்படி கிடந்துச்சுன்னு உங்களுக்கு தெரியாது. அதோட டைமிங் பெல்ட்ட மடிக்கக்கூடாது, முறுக்கக்கூடாது, உள்ள இருக்குற இழை ஒடைஞ்சுடும், வெளிய ஒண்ணும் தெரியாது. கூரியர்ல சின்ன கவர்ல மடிச்சு வந்த பெல்ட்ட எவ்ளோ புதுசா இருந்தாலும் நான் மாட்ட மாட்டேன். ஒரிஜினல் இல்லாம வேற நல்ல கம்பெனி பெல்ட்டு போடுறதுல எனக்கு ஆட்சேபணை இல்ல, உங்க மாடலுக்குன்னே குடுத்ததா இருக்கணும், அவ்ளோ தான்.

நானே மாத்தலாமா? இல்ல எங்க ஊர் மெக்கானிக்க வச்சு பண்ணலாமா? நான் திருநெல்வேலில இருக்கேன், சென்னை, கொச்சின்னு தூக்கிட்டு போக முடியல.

சிலிண்டருக்கு ரெண்டு வால்வு உள்ள இன்ஜின்னா (ஸ்க்ராம்ப்ளர், 795, 796, 797) பொறுமையான ஒரு ஆள், மேனுவல படிச்சு பண்ணலாம். ஒரு சிலிண்டரோட பிஸ்டன உச்சிக்கு கொண்டு வந்து புல்லியில உள்ள குறியும் இன்ஜின்ல உள்ள குறியும் நேரா நிக்கிறத உறுதி பண்ணிட்டு, போட்டோ எடுத்து வச்சுக்கிட்டு, அப்புறம் தான் பழசு கழட்டணும். புதுசு மாட்டின பிறகு ஸ்டார்ட் பண்ணாம கையால நாலஞ்சு சுத்து சுத்தி திரும்பவும் குறி சேருதான்னு பாக்கணும். எங்கயாவது தடுத்து நின்னா பலம் போட்டு சுத்தக்கூடாது, வால்வும் பிஸ்டனும் தொடுதுன்னு அர்த்தம். சிலிண்டருக்கு நாலு வால்வு உள்ள இன்ஜின்ல (821, 937, 950 மாதிரி) ஒரு சிலிண்டருக்கு ரெண்டு கேம், பெல்ட் கழண்டதும் கேம் தானா துள்ளி நகந்துடும், அத பிடிச்சு வைக்க லாக் டூல் வேணும், டூல் இல்லாத இடத்துல அத பண்ண விடாதீங்க.

உண்மையான கஷ்டம் டென்ஷன்ல தான். தளர்ந்தா பல்லு தாண்டும், இறுகினா பேரிங்கையும் கேம்மையும் தின்னும். பெல்ட்ட தட்டி அது அதிர்ற சத்தத்த போன் ஆப்ல ஹெர்ட்ஸ்ல அளக்குறது ஒரு முறை, எத்தனை ஹெர்ட்ஸ்ங்கறது மாடலுக்கும், பெல்ட் புதுசா, ஏற்கனவே ஓடினதாங்கறதுக்கும் தகுந்த மாதிரி மாறும். ரெண்டு வால்வு வண்டி ஓனர்கள்கிட்ட ரொம்ப நாளா இருக்குற பழக்கம், பெல்ட்டுக்கும் ரோலருக்கும் நடுவுல 5 எம்எம் ஆலன் கீ உரசிக்கிட்டு போகணும், 6 எம்எம் போகக்கூடாதுன்னு. எந்த முறையா இருந்தாலும் இன்ஜின் முழுசா ஆறி இருக்கும் போது தான் அளக்கணும், அலுமினியம் சூட்டுல விரியும், விரிஞ்சா பெல்ட் இறுக்கமா காட்டும், சூட்டோட அளந்து சரி பண்ணீங்கன்னா ஆறினதும் தளர்ந்துடும்.

வால்வு செக்கும் பெல்ட்டும் சேத்து பண்ணணும்னு சொல்றாங்க, பில்ல ஏத்துறதுக்கா?

இல்ல, சேத்து பண்ணா உங்களுக்கு தான் லாபம். டேங்க், பேட்டரி, சில வண்டில ரேடியேட்டர் வரைக்கும் நகத்தி தான் ரெண்டு வேலைக்கும் உள்ள போகணும். நாலு வால்வு இன்ஜின்ல ஷிம் (வால்வு இடைவெளிய சரி பண்ற சின்ன துண்டு) மாத்தணும்னா கேம்ம வெளிய எடுக்கணும், அப்போ பெல்ட் எப்படியும் கழண்டே ஆகணும். கழட்டின மூணு நாலு வருஷத்து பழைய பெல்ட்ட திரும்ப மாட்டி அனுப்புறத விட, அப்பவே புதுசு போட்டுடுறது தான் புத்திசாலித்தனம். பழசையே மாட்டுறதா இருந்தா ஓடின திசை மாறாம மாட்ட சொல்லுங்க.

மாத்திட்டேன்னு சொல்லி பணம் வாங்கிட்டு மாத்தாம விட்டா?

வண்டி விடுறதுக்கு முன்னாடி பழைய பெல்ட் ரெண்டையும் திருப்பி தரணும்னு ஜாப் கார்டுல எழுத சொல்லுங்க. முடிஞ்சா கவர கழட்டி பழைய பெல்ட் முதுகுல பெயின்ட் மார்க்கர்ல ஒரு கோடு போட்டு வைங்க. சங்கடமா நினைக்க வேண்டியதில்ல, ஒழுங்கா வேலை செய்றவங்க கேக்காமலே பழைய பெல்ட்ட கைல குடுத்துடுவாங்க.

மிக்ஜாம் புயல்ல பேஸ்மென்ட்ல வண்டி ரெண்டு நாள் தண்ணில முங்கிடுச்சு. ஆயில், ஃபில்டர் மாத்தி ஓடுது. பெல்ட்டையும் பாக்கணுமா?

கட்டாயம். பெல்ட் கவர் தூசி, கல்லுக்கு தான் மறைப்பு, தண்ணி போகாம அடைச்ச மூடி இல்ல. டிசம்பர் 2023ல சென்னைல பேஸ்மென்ட்ல நின்னது சுத்தமான தண்ணி இல்ல, சேறு, டீசல், சாக்கடை எல்லாம் கலந்தது. சேறு புல்லி பல்லுல போய் காஞ்சு உக்காந்தா பெல்ட்ட அரம் போட்டு தேய்க்கும், ஆயில் கலந்த தண்ணி ரப்பர ஊற வைக்கும், ரோலர் பேரிங் கிரீஸ கழுவிட்டு துரு ஏத்தும். மாசக்கணக்குல ஓடிட்டு இருக்கு, பிரச்சனை இல்லன்னு நினைக்காதீங்க, துரு மெதுவா தான் தின்னும். முங்கின வண்டிக்கு பெல்ட் ரெண்டு, ரோலர் எல்லாம் ஒரே அடியா மாத்துறது தான் என் கருத்து, இதுல மட்டும் "பாத்துட்டு முடிவு பண்ணலாம்"னு நான் சொல்ல மாட்டேன்.

அஞ்சு வருஷம் முடிஞ்சு மூணு மாசம் ஆச்சு, அடுத்த மாசம் இமாச்சல்ல ஸ்பிட்டி ரைடு. போயிட்டு வந்து மாத்தலாமா?

அஞ்சு வருஷம் முடிஞ்ச மறுநாள் பெல்ட் அறுந்துடாது, கெடுல கொஞ்சம் பாதுகாப்பு வச்சு தான் போட்டிருப்பாங்க. உள்ளூர்ல மெதுவா ஓட்டிக்கிட்டு அப்பாயின்ட்மென்ட்டுக்கு ரெண்டு வாரம் காத்திருக்குறது வேற, பாரம் ஏத்திக்கிட்டு ஆயிரக்கணக்கான கிமீ தாண்டி, டோ பண்ண வண்டி வராத மலைக்கு போறது வேற. போறதுக்கு முன்னாடி மாத்துங்க. கிளம்புற அன்னைக்கு இல்ல, ரெண்டு மூணு வாரம் முன்னாடியே, ஏன்னா புது பெல்ட் போட்டு கொஞ்சம் ஓடின பிறகு டென்ஷன ஒரு தடவை சரி பாத்துட்டா நிம்மதியா போகலாம். பார்ட் ஸ்டாக் இல்லன்னா வர நாள் ஆகும், அதனால புக் பண்றப்பவே பெல்ட் கைல இருக்கான்னு கேட்டுக்கோங்க.

ஓடிட்டு இருக்கும் போதே டப்புனு சத்தம் வந்து ஆஃப் ஆயிடுச்சு. செல்ஃப் அடிச்சா ஏதோ மாதிரி சுத்துது. பெல்ட்டா இருக்குமா?

இருக்கலாம், அதனால இனிமே ஒரு தடவை கூட செல்ஃப் அடிக்காதீங்க. தள்ளி ஸ்டார்ட் பண்றது, கியர்ல போட்டு உருட்டுறது எதுவும் வேண்டாம். கிராங்க் சுத்துற ஒவ்வொரு சுத்துக்கும் பிஸ்டன் திரும்ப போய் வால்வ இடிக்கும், வளைஞ்சதோட போக வேண்டியது உடைஞ்சு உள்ள விழுந்துடும். நியூட்ரல்ல போட்டு, சாவிய எடுத்துட்டு, ஓரமா தள்ளுங்க. டூல் இருந்தா, ஆறினதும் கவர கழட்டி ரெண்டு பெல்ட்டும் முழுசா இருக்கா, பல்லு உதிர்ந்திருக்கான்னு மட்டும் பாருங்க, எதையும் சுத்தி பாக்காதீங்க.

பெல்ட் நல்லா இருந்தா வேற பிரச்சனை, மெக்கானிக்க கூப்பிடுங்க. பெல்ட் போயிருந்தா ஃப்ளாட்பெட்ல ஏத்தி கொண்டு போங்க. அங்க போய் புது பெல்ட் மட்டும் மாட்டி ஸ்டார்ட் பண்ணி பாப்போம்னு யாராவது சொன்னா விடாதீங்க, முதல்ல லீக் டெஸ்ட்டோ (சிலிண்டர்ல காத்து ஏத்தி கசியுதான்னு பாக்குறது), பிளக் ஓட்டை வழியா கேமராவோ விட்டு ரெண்டு சிலிண்டரையும் பாத்து, வால்வு எல்லாம் உக்காருதுன்னு உறுதி ஆன பிறகு தான் பெல்ட் பேச்சே.